க்ரோன் நோய்: ஊசிக்குப் பயப்படுவதா, நோய்க்குப் பயப்படுவதா?

தென்னாப்பிரிக்காவில் டர்பனை அடுத்த ஃபீனிக்ஸிலிருந்து எழுதியிருக்கும் சகோதரிக்கு வணக்கம். நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவருக்கு 34 வயது. சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் இடத்தில் க்ரோன் நோய், அதாவது நாள்பட்ட குடல் அழற்சி என்று 3 வருடத்துக்கு முன்னால் கண்டுபிடித்தார்கள். கார்ட்டிசோன் மாத்திரை ஆரம்பித்ததும் வலி போய்விட்டது. அதன்பிறகு கொடுத்த அசதயோபிரின் மாத்திரையை, "உடம்புதான் நன்றாக இருக்கிறதே" என்று ஆறேழு மாதத்தில் அவராகவே விட்டுவிட்டார். இப்போது சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பி, முறுக்கி வலிக்கிறது. சில நாள் வாந்தியும் வருகிறது. இன்ஃப்ளிக்ஸிமாப் என்ற ஊசி போட வேண்டும், அதற்கு முன்னால் டிபி இல்லை என்று உறுதி செய்ய வேண்டும் என்கிறார் நிபுணர். அந்த ஊசியால் புற்றுநோய் வரும் என்று உங்கள் மாமியார் பயப்படுகிறார். பத்தியத்தில் சமாளிக்க முடியாதா என்று முடித்திருக்கிறீர்கள். பத்தியத்தைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தால், மருந்துக்கு அதிகம் பயப்படுவதா நோய்க்கு அதிகம் பயப்படுவதா என்பதுதான் உங்கள் மனதில் ஓடும் கேள்வி என்று தெரிகிறது.

நான் மதுரையில் மருத்துவம் படித்து, டர்பனில் பல வருடமாகக் குடல்நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவன். உங்கள் கணவரை நான் பரிசோதிக்கவில்லை, ஸ்கேனையும் பார்க்கவில்லை. எனவே அவருக்கு எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு இடமில்லை. எதைத் தயங்காமல் நம்பலாம், எதில் மருத்துவர்களுக்கே சந்தேகம் உண்டு என்று பிரித்துச் சொல்ல முடியும். அதற்கும் முன்னால் ஒரு விஷயம். வாந்தி நிற்காமல் போனாலோ, வயிறு உப்பியபடியே இருந்து காற்றுகூடப் பிரியாமல் போனாலோ, வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தாலோ, காலைவரை காத்திருக்க வேண்டாம். அது குடல் அடைப்பாகவோ உள்ளே சீழ் கட்டியதாகவோ இருக்கலாம். இரவானாலும் கேஷுவல்டிக்குக் கூட்டிப் போங்கள். போகும்போது அவர் சாப்பிட்ட எல்லா மருந்துகளின் பெயரையும் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள்.

சரி, நோயிலிருந்து தொடங்குவோம். க்ரோன் நோயில் குடலின் உள்தோலோடு புண் நிற்பதில்லை. அழற்சி குடல் சுவரின் முழுக் கனத்துக்கும் இறங்குகிறது. இதனால் மூன்று விதமான கேடு வருகிறது. புண் ஆறும்போது தழும்பு விழுந்து குடல் குறுகிப் போகலாம். புண் சுவரைத் துளைத்துக்கொண்டு பக்கத்துக் குடலுக்கோ, மூத்திரப் பைக்கோ, தோலுக்கோ வழி உண்டாக்கலாம். துளைத்த இடத்தில் சீழ்க்கட்டி உண்டாகலாம். ஆசனவாய்ப் பக்கம் திரும்பத் திரும்ப வரும் பௌத்திரமும் பலருக்கு இந்த நோயின் முகம்தான். மூலம் என்று நினைத்து வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அறுவை சிகிச்சையில் எடுத்த குடல் துண்டைத் தட்டில் வைத்துப் பிளந்து காட்டும்போது பார்த்தால்தான் இந்த நோயின் தன்மை புரியும். நல்ல சிறுகுடல் மெல்லியது, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு நகரும். நோய் பிடித்த இடம் கெட்டியாக விறைத்து நிற்கும். வெளியே மஞ்சள் கொழுப்பு சுற்றி வளர்ந்து குடலையே மூடியிருக்கும். உள்ளே ஒரு பென்சில் நுழைவதே கஷ்டமாக இருக்கும். அதற்கு மேற்பக்கம் உள்ள குடலோ, அடைபட்டதைத் தள்ளித் தள்ளி இரண்டு மடங்கு விரிந்திருக்கும். இது ஒரு மாதத்தில் வருவதில்லை. இதில் பெரும்பகுதி, நோயாளி "நன்றாக இருக்கிறேன்" என்று வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நடந்தது.

இந்த நோயைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வலி இல்லாததும் நோய் அடங்கியதும் ஒன்றல்ல. நீறு பூத்த நெருப்பாக அழற்சி உள்ளே இருந்துகொண்டே இருக்கலாம். கார்ட்டிசோன் வலியை வேகமாக எடுத்துவிடும், ஆனால் பலருக்கு அது குடல் புண்ணை முழுதாக ஆற்றுவதில்லை, நோய் திரும்புவதைத் தடுப்பதும் இல்லை. அதனால்தான் இப்போது மலத்தில் கால்புரொடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதத்தின் அளவு பார்க்கிறோம். பொதுவாக 50க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 250க்கு மேல் போனால் குடலில் அழற்சி ஓடுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம். இடைப்பட்ட எண்களைப் படிப்பதில் சிரமம் உண்டு. நோய் சிறுகுடலில் மட்டும் இருந்தால் இந்த எண் ஏமாற்றவும் செய்யும். ஆனாலும் "எப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்பதைவிட நம்பகமானது. உங்கள் கணவருக்கு இந்தப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தார்கள் என்று கேளுங்கள்.

நீங்கள் சொல்லும் அறிகுறி, அதாவது சாப்பிட்டதும் உப்பி முறுக்கி வலித்து, வாந்தி வந்தபின் லேசாவது, குடல் குறுகியவர்கள் சொல்லும் கதை. இங்கேதான் முதல் சந்தேகமான இடம் வருகிறது. குறுகல் இரண்டு வகை. ஒன்று அழற்சியால் வீங்கிக் குறுகியது. அது மருந்தில் விரியும். இன்னொன்று தழும்பால் குறுகியது. அதை எந்த ஊசியாலும் விரிக்க முடியாது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்திருக்கும், எம்ஆர்ஐ எடுத்தாலும் எவ்வளவு வீக்கம், எவ்வளவு தழும்பு என்று துல்லியமாகப் பிரிக்க முடியாது. எனவே, "ஊசி போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பதைவிட, "குறுகல் எத்தனை சென்டிமீட்டர், மேலே குடல் விரிந்திருக்கிறதா, பக்கத்தில் சீழ்க்கட்டி இருக்கிறதா?" என்று கேளுங்கள். சீழ் இருந்தால் முதலில் அதை வடித்து, ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். சீழை உள்ளே வைத்துக்கொண்டு இன்ஃப்ளிக்ஸிமாப் போடக் கூடாது. குறுகல் 5 சென்டிமீட்டருக்குள் இருந்து, கருவி எட்டும் இடமாகவும் இருந்தால் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) வழியாக பலூன் வைத்து விரிக்கவும் முடியும்.

இனி டிபி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த உங்களுக்கு டிபி புதிதல்ல, இந்த நாட்டிலும் அது மிகப் பரவலான நோய். சிக்கல் என்னவென்றால், குடல் டிபியும் க்ரோனும் பிடித்த இடமாக உட்காருவது சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் அதே இடத்தில்தான். கொலோனோஸ்கோப்பியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியும். பயாப்சியில் டிபி கிருமி கிடைத்துவிட்டால் பேச்சே இல்லை. ஆனால் குடல் டிபியில் கிருமிகள் குறைவு. டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் பரிசோதனையில் "இல்லை" என்று வந்தாலும் டிபி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது. இரவில் வியர்த்துக் கொட்டுவது, வயிற்றில் நீர் சேர்வது, நெஞ்சு எக்ஸ்ரேயில் தழும்பு ஆகியவை டிபி பக்கம் சாய்க்கும். பௌத்திரமும், பல மாதம் வந்து வந்து போகும் வயிற்றுப்போக்கும், விட்டு விட்டுப் பல இடத்தில் இருக்கும் புண்ணும் க்ரோன் பக்கம் சாய்க்கும். உங்கள் கணவருக்கு 3 வருடத்துக்கு முன்னால் கார்ட்டிசோன் கொடுத்து அவர் நன்றாகவே இருந்திருக்கிறார். அன்றைக்கே டிபி இருந்திருந்தால் அந்த மருந்தில் அது பெருகியிருக்கும். ஆகவே க்ரோன் என்பதே சரியாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் கருத்து. ஆனாலும் நிபுணர் மறுபடி பார்க்கச் சொல்வதை நான் முழுமனதோடு ஆமோதிக்கிறேன்.

ஏனென்றால் இன்ஃப்ளிக்ஸிமாப் தடுக்கும் டிஎன்எஃப் என்ற பொருள்தான், உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கும் டிபி கிருமியைச் சுற்றி வேலி போட்டு வைத்திருக்கிறது. வேலியை எடுத்தால் கிருமி வெளியே வரும், அதுவும் நுரையீரலோடு நிற்காமல் உடம்பெல்லாம் பரவலாம். எனவே நெஞ்சு எக்ஸ்ரே, தோலில் போடும் மான்டோ அல்லது ரத்தத்தில் பார்க்கும் குவான்டிஃபெரான், கூடவே எச்ஐவி, ஹெபடைடிஸ் பி பரிசோதனைகள் எல்லாம் ஊசிக்கு முன்னால் முடிந்திருக்க வேண்டும். எச்ஐவி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம், இது எல்லாருக்கும் செய்வது. தூங்கும் டிபி என்று வந்தால் தடுப்பு மாத்திரை தொடங்கி, பொதுவாக ஒரு மாதமாவது கழித்தே ஊசி ஆரம்பிப்பார்கள். நடக்கும் டிபி என்றால் அது வேறு கதை, முதலில் அதற்கான 6 மாத சிகிச்சை. அந்த மாத்திரைகள் அரசு கிளினிக்கில் இலவசம்.

எதுவென்று தீர்மானிக்கவே முடியாதபோது, டிபி மாத்திரையை முதலில் கொடுத்துப் பார்த்து, 2 அல்லது 3 மாதத்தில் திரும்ப கொலோனோஸ்கோப்பி செய்து புண் ஆறியிருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் இந்தியாவில் உண்டு, இங்கேயும் உண்டு. டிபி என்றால் அதற்குள் புண் ஆற வேண்டும். எனக்கு இதில் ஒரு கவலை உண்டு, வெளிப்படையாகச் சொல்கிறேன். "உடம்பு கொஞ்சம் தேறியிருக்கிறது" என்பதை மட்டும் வைத்து மாத்திரையை ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று இழுத்தால், க்ரோன் உள்ள குடல் அந்த நேரத்தில் சத்தமில்லாமல் குறுகிப் போகும். எனவே டிபி மாத்திரை தொடங்கினால், திரும்பப் பார்க்கும் தேதியையும் அன்றைக்கே குறித்து வாங்கிக்கொண்டு வாருங்கள். டிபி மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கார்ட்டிசோனின் வேகத்தையும் கருத்தடை மாத்திரையின் பலத்தையும் குறைக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

இப்போது உங்கள் மாமியாரின் பயம். அது ஆதாரமில்லாத பயம் என்று நான் சொல்ல மாட்டேன். பிரான்சில் ஒன்றே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான குடல் அழற்சி நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. நிணநீர்ப் புற்றுநோய், இந்த மருந்துகள் எதுவும் எடுக்காதவர்களில் வருடத்துக்கு 10,000 பேரில் சுமார் 3 பேருக்கு வந்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் வகை மருந்து மட்டும் எடுத்தவர்களில் 4 பேர், அசதயோபிரின் வகை மட்டும் எடுத்தவர்களில் 5 பேர், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களில் 9 அல்லது 10 பேர். கூடுகிறது என்பது உண்மை. கூடிய பிறகும் 10,000 பேரில் 9,990 பேருக்கு அந்த வருடம் அது வருவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. இரண்டையும் சேர்த்துக் கொடுக்கும்போது குடல் ஆறும் வாய்ப்பு, தனித்தனியாகக் கொடுப்பதைவிட அதிகம் என்று 2010இல் வந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கும் மிக அபூர்வமான ஒரு புற்றுநோய், 35 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஆண்கள் இரண்டையும் நீண்ட காலம் சேர்த்து எடுக்கும்போதுதான் அதிகம் காணப்பட்டது. உங்கள் கணவர் அந்த எல்லையில் நிற்கிறார். எனவே, "சேர்த்துக் கொடுப்பது எத்தனை மாதத்துக்கு, எப்போது ஒன்றை நிறுத்துவீர்கள்?" என்று நிபுணரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. நல்ல மருத்துவர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

நான் நிஜமாகப் பயப்படும் மருந்து எல்லாரும் பயமில்லாமல் சாப்பிடும் கார்ட்டிசோன்தான். சில வாரத்துக்கு அது உயிர் காக்கும். மாதக்கணக்கில் போனால் எலும்பு தேயும், கண்ணில் புரை விழும், சர்க்கரை ஏறும். நம் ஆட்களில் சர்க்கரை நோய் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். தீவிரமான தொற்று வரும் வாய்ப்பும் மற்ற மருந்துகளைவிட இதில் குறைவில்லை. போன தடவை மிச்சமான மாத்திரையை அலமாரியிலிருந்து எடுத்துத் தானே போட்டுக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தால் அதை நிறுத்துங்கள். பல வாரம் சாப்பிட்டதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். அசதயோபிரினைத் திரும்ப ஆரம்பித்தால் அது வேலை செய்ய 2, 3 மாதம் ஆகும் என்பதையும், முதல் வாரங்களில் அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். தெற்காசியர்களில் சிலருக்கு என்யுடிடி15 என்ற மரபணு வேறுபாட்டால் வெள்ளை அணுக்கள் வேகமாகச் சரியும். கீல்வாதத்துக்கு எடுக்கும் அலோபியூரினாலோடு இதைச் சேர்த்தால் அதே ஆபத்து. டர்பன் வெயிலில் தோலை மூடிக்கொள்வதும் நல்லது, இந்த மாத்திரை தோல் புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டுகிறது.

ஊசி எப்படி இருக்கும் என்று தெரியாததாலும் பயம் வரும். அது கையில் ஏற்றும் டிரிப். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 5 மில்லிகிராம். முதல் நாள், 2ஆவது வாரம், 6ஆவது வாரம், அப்புறம் 8 வாரத்துக்கு ஒரு தடவை. பொடியாக வரும் மருந்தை நர்ஸ் குலுக்காமல் மெதுவாகச் சுழற்றிக் கரைப்பார். ஏறுவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். நடுநடுவே ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், முடிந்தபின் கொஞ்ச நேரம் உட்கார வைப்பார்கள். மூச்சு இறுக்கமோ தோலில் தடிப்போ வந்தால் உடனே நிறுத்துவதற்காகத்தான். பலர் தூங்கிவிடுவார்கள். விட்டு விட்டுப் போடுவதுதான் மோசம், இடைவெளி விழுந்தால் உடம்பு மருந்துக்கு எதிர்ப்பொருள் உண்டாக்கி, அடுத்த தடவை அது வேலை செய்யாமல் போகலாம். ஊசி நடக்கும் காலத்தில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போன்ற உயிர்க் கிருமி உள்ள தடுப்பூசிகள் கூடாது. வேறு ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகிறவர் என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். ஃப்ளூ ஊசி போடலாம், போடவும் வேண்டும்.

பத்தியத்துக்கு வருகிறேன். சோறு, குழம்பு என்று வேறு சாப்பாடு எதுவும் இல்லாமல் மருத்துவ ஊட்டச்சத்துப் பானம் மட்டும் 6 முதல் 8 வாரம் கொடுத்தால் குழந்தைகளின் க்ரோன் அடங்குகிறது என்பது நிரூபணமானது. பெரியவர்களிடமும் வேலை செய்யும், ஆனால் தாக்குப்பிடிப்பவர்கள் குறைவு, அது நோயைக் காலத்துக்கும் பிடித்து வைப்பதும் இல்லை. மஞ்சளைப் பற்றிச் செய்த ஆய்வுகள் பெருங்குடல் புண் அழற்சிக்கு, அதுவும் மஞ்சளிலிருந்து எடுத்துச் செறிவூட்டிய குர்குமினை மெசலசின் என்ற குடல் அழற்சி மருந்தோடு சேர்த்துக் கொடுத்துச் செய்தவை, முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. குழம்பில் போடும் மஞ்சள் கெடுதல் செய்யாது, க்ரோனைக் குணப்படுத்தவும் செய்யாது. மிளகாய் இந்த நோயை உண்டாக்கியது என்று அவரைத் திட்டவும் வேண்டாம்.

இப்போதைக்கு, குறுகல் இருக்கும்வரை, நார்ச் சக்கை மாட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் பத்தியம். மீலிக் கதிர் (மக்காச்சோளம்), தோலோடு பீன்ஸ் கறி, முருங்கைக்காய்ச் சக்கை, காளான், ஆரஞ்சுச் சுளையின் தோல், கொட்டைகள் எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். குழைந்த சோறு, தோல் நீக்கிய பருப்பு, முட்டை, மீன், தயிர் ஒத்துக்கொண்டால் தயிர், கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை. புரட்டாசி விரதத்துக்குக் கறி மீனை விட்டுவிட்டு பீன்ஸிலும் முழுப் பயறிலும் இறங்குவது நம் வீடுகளில் வழக்கம், குறுகிய குடலுக்கு அதுதான் வம்பு. இந்த வருடம் அவருக்கு மட்டும் அரைத்து வடிகட்டிக் கொடுங்கள். ஆடியில் கோயிலில் ஊற்றும் கூழைத் தாராளமாகக் குடிக்கலாம், வெங்காயத்தைத் தவிர்த்து. ஊசி வேலை செய்து குறுகல் விரிந்தால் இந்தக் கட்டுப்பாடெல்லாம் தளர்த்தலாம். எடை குறைந்துவிட்ட மனிதரைப் பத்தியம் என்று பட்டினி போடுவது நான் அதிகம் பார்க்கும் கெடுதல். சிகரெட் பிடிக்கிறார் என்றால், பத்தியத்தைவிட அதை விடுவது பலமடங்கு பலன் தரும். க்ரோனை சிகரெட் மோசமாக்கும், அறுவைக்குப் பின் நோய் திரும்பவும் வைக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. வலிக்கு ஐபுப்ரூஃபன், டிக்ளோஃபெனக், ஆஸ்பிரின் உள்ள கிராண்ட்பா பொடி எதுவும் வேண்டாம், பாரசிட்டமால் போதும்.

அறுவை சிகிச்சை என்றால் ஆயுள் முழுக்க வயிற்றில் பை என்று பலர் நினைக்கிறார்கள். உங்கள் கணவருக்கு நோய் இருக்கும் இடத்தில் அது அரிது. குறுகிய துண்டை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் இணைப்பதுதான் வழக்கம். சீழோ, உடம்பு மிகவும் மெலிவோ இருந்தால் சில மாதத்துக்குத் தற்காலிகமாகப் பை வைப்பார்கள். நோய் அந்தச் சிறு பகுதியில் மட்டும் இருப்பவர்களுக்கு இன்ஃப்ளிக்ஸிமாபும் அறுவையும் ஒரு வருடம் கழித்து ஏறக்குறைய ஒரே அளவு நல்வாழ்வைத் தந்தன என்று நெதர்லாந்திலும் பிரிட்டனிலும் செய்து 2017இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எனவே நிபுணர் அறுவையைப் பற்றிப் பேசினால் கைவிட்டுவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தழும்புக் குறுகல் என்றால் நானே அதைத்தான் முதலில் யோசிப்பேன். ஆனால் அறுவை நோயை வேரோடு எடுப்பதில்லை, இணைத்த இடத்திலேயே திரும்பலாம். 6 முதல் 12 மாதத்துக்குள் கொலோனோஸ்கோப்பியில் பார்க்க வேண்டும், பி12 அளவையும் காலமெல்லாம் கவனிக்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அப்பாவுக்கு க்ரோன் இருந்தாலும் நூற்றில் தொண்ணூறுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அது வருவதில்லை. அசதயோபிரினும் இன்ஃப்ளிக்ஸிமாபும் அவர் எடுத்துக்கொண்டிருப்பது குழந்தைக்குத் தடை இல்லை. குடல் அழற்சிக்கான சல்ஃபாசலசின் மாத்திரை கொடுத்தால் விந்தணு குறையும், நிறுத்தினால் சரியாகும்.

செலவைப் பற்றி. மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவச் செலவுத் திட்டம்) இருந்தால் தெரிந்துகொள்ளுங்கள்: க்ரோன் நோயும் பெருங்குடல் புண் அழற்சியும் இந்த நாட்டில் திட்டங்கள் கட்டாயம் ஏற்க வேண்டிய நாள்பட்ட நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால் பட்டியலில் இருப்பதால் இந்த ஊசி தானாகக் கிடைத்துவிடாது, இந்த மருந்து ஏன் தேவை என்று விளக்கி நிபுணர் மோட்டிவேஷன் கடிதம் எழுத வேண்டும். அதில் முன்பு எடுத்த மருந்துகள், ஏன் நின்றன, கால்புரொடெக்டின் எண், ஸ்கேன் முடிவு எல்லாம் இருக்கட்டும். அவராக நிறுத்தியதை மறைக்க வேண்டாம், கோப்பில் எப்படியும் இருக்கும். முதல் தடவை மறுத்தால் மறுபடி முறையிடலாம், அதுவும் பலிக்காவிட்டால் மருத்துவத் திட்டங்களுக்கான கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அதே மருந்தின் விலை குறைந்த பயோசிமிலர் வகையைக் கொடுக்கிறோம் என்றால் தயங்காமல் சரி என்று சொல்லுங்கள், ஆய்வுகளில் பலனில் வித்தியாசம் தெரியவில்லை. மெடிக்கல் எய்ட் இல்லையென்றால் உங்கள் பகுதி அரசு மருத்துவமனையிலிருந்து இங்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனையின் குடல்நோய்ப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். காத்திருக்கும் காலத்தில் அடைப்பு அறிகுறி கூடினால், அந்தத் தேதிவரை பொறுக்காமல் கடிதம் கொடுத்த மருத்துவரிடம் போய்ச் சொல்லித் தேதியை முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.